நயீமி ஆடு பாலுக்கா கறிக்கா?

குவைத்வாசி: இங்க ஆட்டுச்சந்தைல நயீமி செம்மறின்னா தனி வெலை சொல்றாங்க, ஒடம்பு வெள்ளை, தலை மட்டும் பிரவுன், பின்னாடி தலகாணி மாதிரி வாலு. இது கறி ஆடா, பால் ஆடா?

செம்மறி_பிரியன்: ரெண்டும்தான் அண்ணே. சிரியா, ஈராக், ஜோர்டான் பக்கம் இதையே அவாசின்னு சொல்லுவாங்க. வாலு பூரா கொழுப்பு, மேய்ச்சல் காஞ்ச காலத்துல அதைக் கரைச்சுத்தான் தாக்குப்புடிக்கும், ஒட்டகத்துக்குத் திமில் மாதிரி.

அம்மான்ல_இருந்தவன்: ஜோர்டான்ல இந்தப் பாலைத் தயிராக்கி, கடைஞ்சு வெண்ணெய் எடுத்துட்டு, உப்பு போட்டு உருண்டை புடிச்சுக் காயவெப்பாங்க, அதான் ஜமீத், கல்லு மாதிரி இருக்கும், கரக் ஊரு ஜமீத்னா மவுசே வேற. அதைக் கரைச்சு ஆட்டுக்கறிய வேகவெச்சா மன்சஃப், மொத தடவை புளிப்பு ஒத்துக்கலை, அப்புறம் விடவே முடியல 😄

குவைத்வாசி: பால் எவ்ளோ கறக்கும்?

செம்மறி_பிரியன்: இஸ்ரேல்ல தலைமுறை தலைமுறையா பொறுக்கி வளர்த்தது ஒரு ஈத்துக்கு 500 லிட்டர் தாண்டும், பாலைவனத்துல திரியுறதுகிட்ட அதெல்லாம் எதிர்பார்க்காதீங்க. குட்டியும் பெரும்பாலும் ஒண்ணுதான், அதனாலதான் 1955ல ஜெர்மனிலேர்ந்து வந்த கிழக்கு ஃப்ரீசியன்ங்கற செம்மறி இனத்தோட கலந்து அசாஃப்னு புது இனமே உருவாக்க ஆரம்பிச்சாங்க.