புகையிலை ஆவணங்கள்: வழக்கறிஞரின் அலமாரியைப் பொதுமக்களுக்குத் திறந்தது முறையா?

ஏட்டுச்சுவடி:

புகைப்பதால் வந்த நோய்களுக்கான மருத்துவச் செலவைக் கேட்டுத் தொடுத்த வழக்கில், 1998 மே 8 அன்று அமெரிக்காவின் மினசோட்டா மாநிலமும் புளூ கிராஸ் மருத்துவக் காப்பீட்டு நிறுவனமும் சிகரெட் நிறுவனங்களோடு சமரசத்துக்கு வந்தன. மாநிலத்துக்கு 610 கோடி டாலர், காப்பீட்டு நிறுவனத்துக்கு 46.9 கோடி டாலர். பணம் செலவாகிவிடும். அந்த உடன்பாட்டின் நிலையான பயன் வேறொன்று என்பது என் கருத்து: வழக்குக்காகத் திரட்டப்பட்ட கோடிக்கணக்கான பக்கங்கள் அடங்கிய இரண்டு கிடங்குகள், ஒன்று மினியாபொலிஸிலும் மற்றொன்று இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டிலும், யார் வேண்டுமானாலும் படிக்கத் திறந்துவிடப்பட்டன. இன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இணைய நூலகத்தில் 1.4 கோடிக்கு மேற்பட்ட ஆவணங்களை எவரும் தேடிப் படிக்கலாம். பொதுநலனைத் தொடும் எந்தப் பெருவழக்கும் ஆவணங்களைப் பூட்டிவைத்துச் சமரசமாக முடியக் கூடாது என்பதற்கு இதுவே முன்மாதிரி என்கிறேன். மாற்றுக் கருத்து உடையவர்கள் எழுதலாம்.

சட்டக்கல்லூரிச்சாலை:

மாற்றுக் கருத்து எனக்கு உண்டு. நான் புகைப்பதுமில்லை, அந்த நிறுவனங்களுக்காக வாதாடுவதுமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கதை நீங்கள் சொல்லும் 1998இல் தொடங்கவில்லை. பிரவுன் அண்ட் வில்லியம்சன் என்ற சிகரெட் நிறுவனத்துக்காக அமெரிக்காவின் லூயிவில் நகரில் வழக்காடிய சட்ட அலுவலகத்தில் ஆவணங்களை வகைப்படுத்தும் வேலை பார்த்த மெர்ரல் வில்லியம்ஸ், நாலாயிரம் பக்கங்கள் அளவுக்குப் படியெடுத்து வெளியே கொண்டுபோனார். 1994 மே மாதத்தில் அந்த நிறுவனத்தின் காகிதங்கள் அடங்கிய, அனுப்பியவர் பெயரில்லாத ஒரு பெட்டி, நீங்கள் சொன்ன கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஸ்டான்டன் கிளான்ட்ஸிடம் வந்து சேர்ந்தது. கட்சிக்காரர் நம்பி ஒப்படைத்த காகிதத்தை ஊழியர் தூக்கிக்கொண்டு போனதை நாம் துணிச்சல் என்று பாராட்டினால், நாளை ஓர் ஏழைக் கட்சிக்காரரின் கோப்பு அதே வழியில் போகும்போது எந்த வாயால் கண்டிப்போம்?

மினசோட்டாவிலும் வழி அவ்வளவு நேரானதல்ல. வழக்கறிஞர் இரகசியம், அதாவது கட்சிக்காரரும் வழக்கறிஞரும் தமக்குள் பகிர்ந்துகொண்டதை வெளியே கேட்க முடியாது என்ற பாதுகாப்பு, உண்டு என்று நிறுவனங்கள் காத்துவைத்திருந்த ஏறத்தாழ 39,000 ஆவணங்களை வெளியிடுமாறு நீதிபதி கென்னத் ஃபிட்ஸ்பாட்ரிக் ஆணையிட்டார். அவை தாள் தாளாகப் படிக்கப்படவில்லை. வகைகளாகப் பிரித்து, ஒவ்வொரு வகையிலும் சிலவற்றை மாதிரியாகப் பார்த்து முடிவு செய்தார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சமையலுக்குப் பொருந்தும். சட்டம் தரும் பாதுகாப்பை நீக்குவதற்குப் பொருந்தாது.

ஏட்டுச்சுவடி:

ஐயா, நீங்கள் இரண்டு தனித்தனி ஓடைகளை ஒன்றாக்கிவிட்டீர்கள். பெட்டி விவகாரத்தில் நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போனது. பல்கலைக்கழகம் காகிதங்களைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்று கலிபோர்னியா நீதிமன்றம் சொன்ன பிறகே, 1995 ஜூலையில் அவை இணையத்துக்கு வந்தன. மினசோட்டா ஆவணங்களோ முழுக்க முழுக்க நீதிமன்ற ஆணையால் வந்தவை. அந்த ஆணையைத் தடுக்கச் சொல்லி நிறுவனங்கள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயும் 1998 ஏப்ரலில் தோற்றன.

இரகசியம் பற்றி நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டியவர் என்றாலும், ஒன்றை நினைவூட்டுகிறேன். நம்முடைய 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவே, சட்டவிரோத நோக்கத்தை நிறைவேற்றுவதற்காக வழக்கறிஞரிடம் சொன்னதற்குப் பாதுகாப்பு இல்லை என்று விதிவிலக்கு வைத்திருந்தது. அமெரிக்க நீதிமன்றமும் அதே கோட்பாட்டைத்தான் கையில் எடுத்தது. புகையிலை ஆய்வுக்கென்று நிறுவனங்கள் சேர்ந்து நடத்திய அமைப்பில், 'சிறப்புத் திட்டங்கள்' என்ற பெயரில் எந்த ஆய்வுக்குப் பணம் கொடுப்பது என்பதில் வழக்கறிஞர்கள் கைவைத்திருந்தார்கள். ஆய்வகத்துக் காகிதத்தை வழக்கறிஞரின் மேசை வழியாக ஒருமுறை அனுப்பிவிட்டால் அது இரகசியமாகிவிடுமா?

பொருநைக்கரையான்:

நான் நுரையீரல் மருத்துவன். சட்டம் எனக்குத் தெரியாது. ஆனால் 'திறந்துவிடப்பட்டன' என்று ஏட்டுச்சுவடி அவர்கள் எளிதாக எழுதிவிட்டதில் எனக்கு உடன்பாடில்லை. கில்ட்ஃபோர்டு கிடங்கை நடத்தியது பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனமேதான். முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு போக வேண்டும். ஒரு நேரத்தில் ஓர் அமைப்பைச் சேர்ந்தவர்களுக்கே இடம். கேட்ட படிகள் கைக்கு வர நெடுநாள் காத்திருக்க வேண்டியிருந்தது. சான் ஃபிரான்சிஸ்கோ, லண்டன் பல்கலைக்கழகக் குழுக்களும் மேயோ மருத்துவமனையும் சேர்ந்து பல ஆண்டுகள் உழைத்துப் படியெடுத்து இணையத்தில் ஏற்றிய பின்னரே, நம் போன்றவர்களுக்கு அந்தக் கதவு உண்மையில் திறந்தது. இதைச் சொல்லாமல் நீதிமன்றத்தை மட்டும் வாழ்த்துவது சரியல்ல.

சட்டக்கல்லூரிச்சாலை:

மருத்துவர் சொன்னதை ஏற்கிறேன். இப்போது படிப்பவர்களின் நேர்மையைப் பற்றி. 'ஐயமே நமது விளைபொருள்' என்ற 1969ஆம் ஆண்டு வாசகத்தைக் காட்டாதவர் இல்லை. புகைப்பதன் கேடு பற்றி மக்கள் மனதில் ஐயத்தை விதைப்பது குறித்து, பிரவுன் அண்ட் வில்லியம்சனில் ஒருவர் வரைந்த யோசனைக் குறிப்பு அது. ஒரு நிறுவனத்தில் எத்தனை யோசனைகள் எழுதப்பட்டுக் குப்பைக்குப் போகும்! கோடிக்கணக்கான தாள்களில் பத்தைப் பொறுக்கிக்கொண்டு வரலாறு எழுதலாமா?

இன்னொன்றும் உண்டு. ஆஸ்திரேலியாவில் மக்கேப் என்ற நோயாளி சிகரெட் நிறுவனத்தின் மீது தொடுத்து 2002இல் நடந்த வழக்கில், ஆவணங்களை அழித்துவிட்டார்கள் என்று கூறி விசாரணை நீதிபதி நிறுவனத்தின் எதிர்வாதத்தையே தள்ளினார். அதே ஆண்டு மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு கவிழ்ந்தது. பெட்டியைத் திறப்பார்கள் என்று தெரிந்தால் நிறுவனங்கள் பெட்டியே இல்லாமல் பார்த்துக்கொள்ளும். உங்கள் முன்மாதிரி வளர்க்கப்போவது காகிதம் கிழிக்கும் இயந்திர வியாபாரத்தை.

ஏட்டுச்சுவடி:

பொறுக்கு வாசிப்பு என்ற குற்றச்சாட்டுக்கு, சிகரெட் நிறுவனங்கள் மீது அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் 2006 ஆகஸ்டில் எழுதிய தீர்ப்பைப் பாருங்கள். ஏறத்தாழ ஒன்பது மாதம் நடந்த விசாரணையில் அந்த நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் ஒவ்வொரு தாளையும் மறுக்கவும், சூழலைச் சொல்லவும், எதிர்த்தாளைக் காட்டவும் வாய்ப்புப் பெற்றார்கள். அதற்குப் பிறகும், பல பத்தாண்டுகளாகப் பொதுமக்களை ஏமாற்றினார்கள் என்றே அவர் முடிவுக்கு வந்தார். நிறுவனங்கள் தங்கள் ஆவண இணையதளங்களை 2010க்குப் பிறகும் தொடர வேண்டும் என்று ஆணையிட்டார்.

கிழிக்கும் இயந்திரத்தைப் பொறுத்தவரை, நீங்கள் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிவிட்டீர்கள். எந்தக் கிடங்கும் திறக்கப்படுவதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன், 1985 ஜனவரியில், பிரவுன் அண்ட் வில்லியம்சனின் சட்டத்துறை வழக்கறிஞர் ஒருவர் எழுதிய குறிப்பு நீங்கள் வெறுக்கும் அந்தப் பெட்டியில்தான் இருந்தது. ஆய்வுத் துறையின் குறிப்பிட்ட கோப்புகளைப் 'பட்டுப்போன மரம்' என்று பெயரிட்டு ஒதுக்கி, வெளிநாட்டுக்கு அனுப்பலாம். இதைப் பற்றி யாரும் குறிப்போ பட்டியலோ எழுதி வைக்கக் கூடாது. இதுதான் அதன் சாரம். அப்போது அவர்கள் அஞ்சியது நோயாளிகள் தொடுக்கும் வழக்குகளுக்கு. பொது நூலகம் என்ற எண்ணமே யாருக்கும் இல்லை.

மாதிரி பார்த்து முடிவு செய்தது பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் நல்ல விடை இல்லை. சமரசம் நடந்துவிட்டதால் அந்த முறை மேல்முறையீட்டில் முழுமையாகச் சோதிக்கப்படவும் இல்லை.

சட்டக்கல்லூரிச்சாலை:

அந்த 1985ஆம் ஆண்டுக் குறிப்பு என் முன் வந்திருந்தால் நானும் பாதுகாப்பு மறுத்திருப்பேன். ஆனால் அதை நான் படித்துவிட்டு மறுத்திருப்பேன். பக்கத்துத் தாளைப் படித்துவிட்டு இதை மறுத்திருக்க மாட்டேன். 39,000 தாள்களையும் படிக்க ஓராண்டு ஆகும் என்றால் ஓராண்டு ஆகட்டும் என்பதே என் நிலை. அதற்காகக் கிடங்கின் மற்றப் பகுதியைப் பூட்டிவைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.