24 மெகாபிக்சலா, 45-ஆ? பணத்தை கேமரா பாடியில் போடுவதா, லென்ஸில் போடுவதா?

புதுக்கேமரா:
வணக்கம் நண்பர்களே. இரண்டு ஃபுல் ஃப்ரேம் கேமராக்களுக்கு (படம் பதியும் சென்சார் பெரிதாக உள்ளவை) நடுவே முடிவெடுக்க முடியாமல் நிற்கிறேன். ஒன்று 24 மெகாபிக்சல், மற்றது 45. பெரியதை வாங்கினால் பணம் அதோடு தீர்ந்துவிடும், கையில் இருக்கும் பழைய ஜூம் லென்ஸையே வைத்து ஓட்ட வேண்டும். 24 போதுமென்றால் எஃப் 2.8 லென்ஸ் ஒன்றும் சேர்த்து வாங்கலாம் (எஃப் எண் குறையக் குறைய வெளிச்சம் அதிகம் நுழையும்). நான் எடுப்பது மேடை நடன நிகழ்ச்சிகள், அப்புறம் பறவைகள். மெகாபிக்சலுக்காக லென்ஸை விட்டுக்கொடுக்கலாமா?

வெளிச்சம்:
விட்டுக்கொடுக்காதீர்கள். 45 என்றதும் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று தோன்றும், அது பரப்பளவுக் கணக்கு. 24 மெகாபிக்சல் படம் 6000-க்கு 4000. 45 மெகாபிக்சல் படம் சுமார் 8200-க்கு 5500. அகலத்தில் கூடுவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். நுணுக்கம் நிஜமாகவே இரட்டிப்பாக வேண்டுமென்றால் 96 மெகாபிக்சலுக்குப் போக வேண்டும். 4கே திரையில் இருப்பதே 8 மெகாபிக்சல் சொச்சம்தான்.

தயாரிப்பாளர்களே இந்த எண் ஓட்டத்திலிருந்து பின்வாங்கியதும் உண்டு. கேனான் 2008-ல் கொண்டுவந்த ஜி10 என்ற சிறிய கேமராவில் 14.7 மெகாபிக்சல். அடுத்த ஆண்டு வந்த ஜி11-ல் அதையே 10 ஆகக் குறைத்தார்கள், மங்கிய வெளிச்சத்தில் படம் நன்றாக வர வேண்டும் என்பதற்காக.

தூரப்பார்வை:
ஜி10 உதாரணம் இங்கே பொருந்தாது. அதன் சென்சார் சுண்டுவிரல் நகத்தளவு, ஒரு பிக்சலின் அகலம் 1.7 மைக்ரான். ஃபுல் ஃப்ரேம் என்பது 36-க்கு 24 மில்லிமீட்டர். அதில் 45 மெகாபிக்சலைப் பரப்பினாலும் ஒவ்வொன்றுக்கும் 4.4 மைக்ரான் கிடைக்கிறது. 24 என்றால் 6 மைக்ரான்.

பிக்சல் சிறுத்தால் நாய்ஸ் (படத்தில் தெரியும் பொடிப்புள்ளிகள்) கூடும் என்பதைப் பலர் அரைகுறையாகப் பிடித்துக்கொள்கிறார்கள். இரண்டு படங்களையும் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பக்கத்தில் வைத்தால் 45 மோசமாகத்தான் தெரியும். அதை 24-இன் அளவுக்குச் சுருக்கி வைத்துப் பாருங்கள், வித்தியாசம் பெரும்பாலும் போய்விடும். இரண்டு சென்சாரிலும் விழுந்த மொத்த வெளிச்சம் ஒன்றுதானே!

பறவைப் படத்தில் எப்படியும் க்ராப் செய்தே ஆக வேண்டும். அகலத்தில் பாதியாக வெட்டினால் 24-இல் மிஞ்சுவது 6, 45-இல் 11. ஒரு மீன்கொத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்தோரத்து இறகின் இழைகள் தனித்தனியாகத் தெரிகின்றனவா, நீலமாக ஒட்டிப் போய்விட்டனவா என்பதை இந்த 6-க்கும் 11-க்கும் உள்ள இடைவெளிதான் தீர்மானிக்கிறது.

வெளிச்சம்:
மொத்த வெளிச்சம்தான் கணக்கு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பாதி அகலத்துக்கு வெட்டினால் சென்சாரில் விழுந்த வெளிச்சத்திலும் முக்கால் பங்கைத் தூக்கிப் போடுகிறீர்கள். மிஞ்சிய கால் பங்கை வைத்துக்கொண்டு இறகை எண்ண முடியாது. வெட்டுவதற்குப் பதில் நீளமான லென்ஸ் வாங்குவதே வழி.

தூரப்பார்வை:
நீளம் மட்டும் போதாது, விட்டத்தையும் பாருங்கள். 300 மில்லிமீட்டர் எஃப் 4 லென்ஸில் வெளிச்சம் நுழையும் வாசல், 300-ஐ 4 ஆல் வகுத்தால், 75 மில்லிமீட்டர். 600 எஃப் 8 லென்ஸிலும் அதே 75 தான். ஒரே இடத்தில் நின்று எடுத்தால் பறவையிடமிருந்து இரண்டுக்கும் வந்து சேரும் வெளிச்சம் ஒன்றே. 600-இல் எஃப் 4 வேண்டுமென்றால் வாசல் 150 மில்லிமீட்டர் ஆகிவிடும். அந்த எடையை யார் தூக்கிக்கொண்டு நடப்பது? சிறிய லென்ஸும் அடர்த்தியான சென்சாரும் சேர்ந்தால் கையிலும் அடங்கும், க்ராப்புக்கும் தாங்கும்.

வெளிச்சம்:
அந்த 300 நல்ல லென்ஸாக இருந்தால் சரி. க்ராப் செய்யும்போது பறவை மட்டும் பெரிதாவதில்லை, லென்ஸின் மங்கலும் கை நடுக்கமும் கூடவே பெரிதாகின்றன. அவர் வைத்திருப்பது பழைய ஜூம். அது தராத நுணுக்கத்தை 45 மெகாபிக்சல் எங்கிருந்து எடுக்கும்?

கைபேசிக்காரன்:
என் போனிலேயே 108 மெகாபிக்சல் இருக்கிறதே, அப்புறம் எதற்கு இதெல்லாம்?

தூரப்பார்வை:
108 உள்ள போன்களில் பலவும் ஒன்பது பிக்சலை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படமாகத்தான் இயல்பாகச் சேமிக்கின்றன. அமைப்புகளில் பாருங்கள், 108 தனித் தெரிவாக இருக்கும்.

அச்சுமேசை:
பிரிண்ட் போடுவது என் தொழில். 24 மெகாபிக்சலை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் 20-க்கு 13 அங்குலம் வரும். அதற்கு மேல் போனால் பார்ப்பவரும் தள்ளி நின்றுதான் பார்ப்பார், 150 புள்ளியே போதும். சாலையோரப் பெரிய பலகைகளுக்கு அதுவும் தேவையில்லை. மெகாபிக்சல் போதவில்லை என்று தெரியவருவது கண்காட்சியில் மூக்கு உரசும் தூரத்தில் பார்க்கிற படங்களில்தான். என் மேசைக்கு வருகிற கெட்ட படங்களில் பிக்சல் குறைவு என்பது அபூர்வம். நடனம் ஆடுபவரின் விரல்கள் இழுத்துப் பூசியதுபோல் இருக்கும். ஷட்டர் மெதுவாக ஓடியிருக்கிறது, அதுதான் கோளாறு. எந்த சென்சாராலும் அதைத் திருப்பித் தர முடியாது.

வெளிச்சம்:
இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எஃப் 5.6-ஐ விட எஃப் 2.8-இல் நான்கு மடங்கு வெளிச்சம். அதே ஐஎஸ்ஓவில் (சென்சாரின் வெளிச்ச உணர்திறன் அமைப்பு) 1/125 நொடியில் எடுத்ததை 1/500-இல் எடுக்கலாம். அந்த வேகத்தில் சுழலும் கையும் நிற்கும். புதுக்கேமரா, உங்கள் பழைய ஜூம் எத்தனை வரை திறக்கும்?

புதுக்கேமரா:
300 மில்லிமீட்டரில் எஃப் 5.6. பாதி திறந்த அளவில்தான் கூர்மையாக இருக்கிறது, எஃப் 8 பக்கம். படங்களை ஆல்பமாகப் போடுவேன், சுவரில் மாட்டுவது எப்போதாவது.

தூரப்பார்வை:
எஃப் 8-இல்தான் கூர்மை என்றால் மேடைக்கு அது உதவாது. மேடைக்கு 2.8 லென்ஸ் அவசியம், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பறவைக்கு 24 போதும் என்பதை ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்கள் பழைய பறவைப் படங்களை ஆல்பத்தில் வைக்கும் அளவுக்கு வெட்டிப் பாருங்கள். வெட்டிய பிறகு அகலத்தில் 2000 பிக்சல்கூட மிஞ்சாதவை நிறைய இருந்தால், 24 உங்களுக்குச் சீக்கிரமே பற்றாமல் போகும்.

வெளிச்சம்:
போகட்டும், அப்போது பாடியை மட்டும் மாற்றிக்கொள்வார். அதே மவுண்டில் (லென்ஸ் பொருந்தும் வளையம்) வாங்கினால் 2.8 லென்ஸ் புது பாடியிலும் அப்படியே மாட்டும்.