அம்மாவோடு மலையகமும் நயினாதீவும்: போய் வந்தவர்கள் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். நான் காட்பாடியைச் சேர்ந்தவன்/ள். வரும் பிப்ரவரியில் அம்மாவை இலங்கைக்கு அழைத்துப் போகிறேன். லீவு 6 நாள்தான், அதனால் வழிகாட்டியோடு போகும் சின்னச் சுற்றுலா தேடுகிறேன்.

அம்மாவின் அத்தை இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத் தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு குடும்பத்தோடு இந்தப் பக்கம் வந்துவிட்டார். அந்த மலையைப் பற்றிக் கடைசி வரை பேசிக்கொண்டே இருந்தார். அதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்கிறார் அம்மா. அப்புறம் யாழ்ப்பாணம் பக்கத்துத் தீவான நயினாதீவில் நாகபூசணி அம்மனையும் கும்பிட வேண்டுமாம்.

வேலூரில் ஒரு ஏஜென்சியில் கேட்டேன். பாதி நாளைக் கொழும்புக் கடைவீதியிலேயே கழிக்கிற திட்டத்தைத்தான் நீட்டினார்கள். எங்களுக்கு அது வேண்டாம்.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலேயே அம்மாவுக்குத் தலை சுற்றி வாந்தி வந்துவிடும். வயது 66, முழங்கால் வலியும் உண்டு. அதனால் மலையகத்தில் நானுஓயாவிலிருந்து எல்ல வரை ரயிலில் போவது நல்லதா? எந்தப் பக்கம் உட்கார்ந்தால் பள்ளத்தாக்கு தெரியும்? நயினாதீவுக்குப் படகு புறப்படும் குறிகாட்டுவானில் படகில் ஏற, இறங்க யாராவது கைகொடுப்பார்களா? நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் போனவர்கள் இருந்தால், கடல் எப்படி இருந்தது என்று சொல்லுங்கள்.

முக்கியமாக, மலையகத் தமிழர் ஒருவரே வழிகாட்டியாகக் கிடைத்தால் அம்மா மனம்விட்டுப் பேசுவார். நம்பிக்கையான ஆள் தெரிந்தால் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.