ட்சாங்கா பாய்: பரணில் ஒரு பகல்

கொரில்லா பார்க்கப் போன பயணம் என்றாலே பெரும்பாலும் எல்லாரும் ரவாண்டா, உகாண்டா அனுபவத்தைத்தான் எழுதுகிறார்கள். நான் போனது மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் தென்மேற்கு மூலையில் இருக்கும் ட்சாங்கா-சங்கா காப்புக்காட்டுக்கு. கிளம்பியது என்னவோ கொரில்லாவுக்காகத்தான். ஆனால் என்னைக் கட்டிப்போட்டது யானைகள்.

தலைநகர் பாங்கியிலிருந்து சாலை வழியாக ஏறத்தாழ 500 கிலோமீட்டர். மழை பிடித்துவிட்டால் அந்தச் சாலையை நம்ப முடியாது. சிறு விமானத்தில் போய் அங்குள்ள பாயங்கா ஊரில் இறங்குவது சுலபம், செலவுதான் கையைக் கடிக்கும். கேமரூன் பக்கமிருந்து சங்கா ஆற்றைப் படகில் கடந்து வருகிறவர்களும் உண்டு.

மழைக்காட்டுக்கு நடுவே மரமில்லாமல் திறந்து கிடக்கும் ஈரவெளியை அங்கே பாய் என்கிறார்கள். ட்சாங்கா பாய்க்குப் போக, வண்டியை விட்டிறங்கி முக்கால் மணி நேரம்போல நடக்க வேண்டும். அதில் ஒரு பகுதி ஓடைக்குள்ளேயே போகிறது, டிகாஷன் நிறத்தில் தண்ணீர் தொடைவரை ஏறும். முன்னால் பயாகா என்ற அந்தக் காட்டுப் பழங்குடியைச் சேர்ந்த வழிகாட்டி ஒருவர் போனார். யானைகளும் அதே தடத்தில்தான் வரும் என்பதால், அவர் கையைத் தூக்கினால் அப்படியே நின்றுவிட வேண்டும். ஒருமுறை நின்றோம். பக்கத்தில் கிளை முறியும் சத்தம் கேட்டது, யானை கண்ணில் படவே இல்லை. பார்த்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

வெளியின் ஓரத்தில் இருக்கும் பார்வையாளர் பரண்மேல் ஏறினால் எதிரே முழுக்க யானை. ஒரே நாளில் 50 முதல் 100 வரை வந்துபோகும் இடம் அது. இவை மழைக்காட்டில் வாழும் வகை: புல்வெளியில் வாழும் சவானா யானையைவிடச் சிறியவை, காது வட்டம், தந்தம் மெலிந்து நேராகக் கீழ்நோக்கி இறங்கும். எந்தச் சேற்றில் புரண்டதோ அந்த நிறம், ஒன்று சாம்பல், ஒன்று செம்மண், ஒன்று அசல் மஞ்சள்.

அவை வருவது மண்ணிலுள்ள தாது உப்புக்காக. ஒரு பெண் யானை முன்னங்காலை மடித்து, தும்பிக்கையை நெற்றிவரை குழிக்குள் விட்டு ஊதியது. சேறு குமிழ் குமிழாகக் கொப்பளித்து விலகியதும் அடியிலிருந்த உப்புத் தண்ணீரை உறிஞ்சியது. குட்டி ஓரத்தில் முட்டிமோதிப் பார்த்தது, இடம் கிடைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பெரிய கொம்பன் ஒன்று வந்து நின்றது. பிளிறல், தள்ளுமுள்ளு எதுவும் இல்லை, அது வந்து நின்றதுமே தாயும் குட்டியும் குழியை விட்டுக் கொடுத்துவிட்டன. எந்தக் குழி யாருக்கு என்ற வழக்கு பகல் முழுக்க அங்கே நடந்துகொண்டே இருக்கிறது. அரை மணி நேரம் படம் எடுத்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு இது பிடிபடாது. மதியத்துக்கு மேல்தான் சிட்டதுங்கா மான்களும் வெளியே வந்தன.

ஆண்ட்ரியா டர்காலோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் இங்கே உட்கார்ந்து ஆயிரக்கணக்கான யானைகளைத் தனித்தனியாக அடையாளம் கண்டு பதிந்தார். 2013 மே மாதம் ஆயுதக் கும்பல் ஒன்று உள்ளே புகுந்து, பார்வையாளர் பரணில் நின்றே சுட்டு, குறைந்தது 26 யானைகளைக் கொன்றது. வழிகாட்டி இதைச் சொன்னபோது பரணில் யாரும் பேசவில்லை.

அப்புறம் கொரில்லா. அதே காட்டில் பாய் ஹோக்கூ என்ற இடத்தில் அவற்றின் தடம் பார்த்துக் கூட்டிப்போகிறவர்கள் நாக்கைச் சொடுக்கி, வருவது தாங்கள்தான் என்று அவற்றுக்குத் தெரிவிக்கிறார்கள். முகக்கவசம் கட்டாயம், சளி இருமல் என்றால் கூட்டிப்போக மாட்டார்கள். தாழ்நிலக் கொரில்லா பழம் தேடி நடந்துகொண்டே இருக்கும், புதருக்குள் முதுகும் கையும்தான் பெரும்பாலும் கிடைத்தன. இதற்கிடையில் கண்ணிலும் காதிலும் மொய்க்கும் வேர்வைத் தேனீ! கொட்டாது, ஆனால் ஆளை ஒருவழி பண்ணிவிடும். தலைக்கு வலை வாங்கிப் போங்கள்.

பாங்கிக்கு வடமேற்கே இருக்கும் போவாலி அருவிக்கும் போகலாம், 50 மீட்டர் உயரம். மின் நிலையத்துக்குத் தண்ணீரைத் திருப்புவதால் வறண்ட மாதங்களில் போனால் பாறையைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழை மறக்க வேண்டாம். நாட்டின் பல பகுதிகளில் பாதுகாப்பு இன்னும் சரியில்லை, டிக்கெட் போடுவதற்கு முன் பாயங்கா பக்கம் அந்த வாரம் எப்படி என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.