மொய்க் கணக்கும் இரண்டு எக்செல்லும்

குழு: வடக்குத் தெரு சொந்தங்கள்

கார்த்தி: ரம்யா அக்கா அனுப்பிய அழைப்புப் பட்டியலை அப்பா கணினியில் திறந்தேன். புதுப் பெயர் சேர்த்தால் பழைய மொய்த் தொகை வர வேண்டிய இடத்தில் பிழை காட்டுகிறது. சரி, எக்செல்லோடு வரும் மைக்ரோசாப்ட் ஆபீஸைப் புதிதாகப் போடலாம் என்றால், 32 பிட் வகை ஆபீஸ் இருக்கிறது, அதை எடுத்தால்தான் 64 பிட் வகை ஏறும் என்கிறது. எடுத்துவிடவா?

பெரியப்பா: எடுக்காதே. மொய்க் கணக்கு முழுக்க அதில்தான் இருக்கிறது

கவிதா: பத்திரிகை எப்போது கொடுக்க ஆரம்பிப்பது? காதுகுத்துக்கு 2 வாரம்தான்

செந்தில் மாமா: அத்தான், ஆபீஸை எடுத்தாலும் நீங்கள் சேமித்து வைத்த கோப்பு போகாது, மென்பொருள் மட்டும்தான் போகும். ஆனாலும் முதல் வேலையாகப் பென்டிரைவில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். ரம்யா எக்ஸ்லுக்அப் என்ற, பெயரை வைத்துத் தொகையைத் தேடித் தரும் புதுச் சூத்திரம் போட்டிருக்கிறாள், அது உங்கள் 2010 எக்செல்லில் கிடையாது, பிழை அதனால்தான். அதே வேலை செய்யும் பழைய சூத்திரம் விலுக்அப் போட்டால் 2010-லேயே ஓடும். புதுசுதான் வேண்டும் என்றால் இரண்டையும் ஒரே கணினியில் வைக்கலாம், ஆனால் 32-ஐயும் 64-ஐயும் கலக்க முடியாது, அதனால் கார்த்தி புதியதையும் 32 பிட்டாகவே இறக்க வேண்டும். பழையது முதலில் ஏற வேண்டும், பிறகுதான் புதியது, அந்த வரிசை இங்கே சரியாகவே இருக்கிறது. ஆபீஸில் மின்னஞ்சலுக்கான அவுட்லுக் மட்டும் ஒன்றுதான் இருக்க விடும்.

பாண்டி: மாமா, மூச்சு விடுங்கள் 😄

ரம்யா: நான் விலுக்அப்பாக மாற்றி அனுப்புகிறேன். இரவு ஆகும். குட்டிக்குச் சளி

வளர்மதி சித்தி: தூதுவளை ரசம் வை

கவிதா: அப்புறம் மடி யார்? பெரியவனா சின்னவனா?

பாண்டி: மூத்தவன் நான் இருக்கும்போது என்ன கேள்வி

கார்த்தி: சீரில் பாதி என் காசு

பெரியப்பா: அதை வீட்டில் பேசலாம். மாப்பிள்ளை, இரண்டும் இருந்தால், மொய்க் கோப்பைத் தட்டும்போது எது திறக்கும்?

செந்தில் மாமா: பெரும்பாலும் கடைசியாகப் போட்டதுதான். பழையதில் வேண்டும் என்றால் முதலில் எக்செல் 2010-ஐத் திறந்து, அதற்குள் போய்க் கோப்பைத் திறங்கள். என்னைக் கேட்டால் ஒரு கோப்புக்காக இரண்டு ஆபீஸ் தேவையில்லை அத்தான். 2010-க்குப் பாதுகாப்புத் திருத்தம் வருவது 2020 அக்டோபரோடு நின்றுவிட்டது. மொய்க் கோப்பு புது எக்செல்லிலும் திறக்கும், ஒரு வாரம் இரண்டிலும் பார்த்துவிட்டுப் பழையதை எடுத்துவிடலாம்.

பெரியப்பா: உசிலம்பட்டிக்காரர் மொய் 1001-ஐ 101 ஆக்கியது யார் என்று புதுசு சொல்லுமா?

வளர்மதி சித்தி: அந்தப் பேச்சு இப்போது எதற்கு

பாண்டி: அன்றைக்கு எழுதியது கார்த்தி

கார்த்தி: நான் பந்தியில் இருந்தேன்! 32 பிட் இறங்கிக்கொண்டிருக்கிறது

செந்தில் மாமா: நகல் எடுத்தாயா?

கார்த்தி: பென்டிரைவ் அண்ணனிடம்

பாண்டி: மடி முடிவானதும் தருகிறேன்

ரம்யா: அண்ணா, பென்டிரைவைக் கொடு. மடியை நான் வந்து சொல்கிறேன்

பெரியப்பா: நகல் எடுக்கும் வரை யாரும் கணினியைத் தொட வேண்டாம்

கவிதா: சமையல்காரருக்கு முன்பணம் கொடுத்தாயிற்றா?