டி.ஜே. பள்ளிச் சேர்க்கை: தரம் குறைந்ததா, வாசல் அகன்றதா?

கணக்குப்பிள்ளை:
வடக்கு வர்ஜீனியாவில் பிள்ளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களில் தாமஸ் ஜெஃபர்சன் உயர்நிலைப் பள்ளி, அதாவது டி.ஜே., பற்றிப் பேசாத வீடு அபூர்வம். 1985-ல் அறிவியலுக்கென்றே தொடங்கிய மேக்னட் பள்ளி, அதாவது பல ஊர்களிலிருந்தும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் சிறப்புப் பொதுப் பள்ளி. ஃபேர்ஃபாக்ஸும் சுற்றியுள்ள சில கவுன்டிகளும் சேர்ந்து, ஆண்டுக்கு ஐந்நூற்றுச் சொச்சம் பேருக்குத்தான் இடம். 2020 அக்டோபரில் பள்ளி வாரியம் நுழைவுத்தேர்வைத் தூக்கிவிட்டது. அடுத்த ஆண்டே ஆசிய மாணவர் பங்கு 73 சதவீதத்திலிருந்து 54-க்கு இறங்கியது. சரி, படிப்பு என்ன ஆயிற்று? பழைய முறையில் வந்த கடைசி வகுப்பில் நேஷனல் மெரிட் செமிஃபைனலிஸ்ட், அதாவது பி.எஸ்.ஏ.டி. தேர்வு மதிப்பெண்ணை வைத்து நாடு முழுக்கப் பொறுக்கி எடுக்கும் மாணவர், 165 பேர். தேர்வில்லாமல் வந்த முதல் வகுப்பில் 81. அதுவும் இடங்களை 480-லிருந்து 550 ஆக்கிய பிறகு! யூ.எஸ். நியூஸ் பத்திரிகையின் பள்ளித் தரவரிசைப் பட்டியலில் நாட்டிலேயே முதலாவதாக இருந்த பள்ளி 2024-ல் 14-வது. இன்னும் என்ன ஆதாரம் வேண்டும்?

நீலாம்பரி:
கணக்குப்பிள்ளை சார், அந்த 14-ஐ முதலில் எடுத்துவிடுங்கள். 2024 பட்டியல் பெரும்பாலும் 2021-22-ல் பன்னிரண்டாம் வகுப்பு படித்தவர்களை வைத்துப் போட்டது. அவர்கள் எல்லோரும் உங்கள் பழைய நுழைவுத்தேர்வு எழுதி உள்ளே வந்தவர்கள். புதிய முறையில் வந்த பிள்ளை ஒன்றுகூட அந்தப் பன்னிரண்டாம் வகுப்பில் இல்லை.

81 என்பது பெரிய சரிவுதான், மறைக்கவில்லை. ஆனால் அந்த வகுப்பு ஏழாம் வகுப்பின் பாதியில் கோவிடுக்கு வீட்டுக்குப் போனது, எட்டாம் வகுப்பில் பெரும்பகுதி திரையைப் பார்த்தே படித்தது. கணினியில் எழுதும் புதிய பி.எஸ்.ஏ.டி. வந்த முதல் ஆண்டும் அவர்களுடையதே. இத்தனையையும் தள்ளிவைத்து சேர்க்கை முறை மட்டும்தான் காரணம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

எட்டாம்வகுப்பு அம்மா:
கோவிட் எல்லாப் பள்ளிக்கும் வந்தது நீலாம்பரி. பாதியாகக் குறைந்ததற்கு அது போதாது.

என் மகள் டி.ஜே.வுக்கு நிறையப் பேரை அனுப்பும் மிடில் ஸ்கூலில் படிக்கிறாள். ஒவ்வொரு பொதுப் பள்ளிக்கும் அதன் எட்டாம் வகுப்பில் 1.5 சதவீத அளவுக்கு இடம் உறுதி. அதற்கு மேல் இருப்பவர்கள் மிச்ச இடங்களுக்கு மோத வேண்டும். இவள் பள்ளியில் மோதுகிறவர்கள் எத்தனை பேர் என்று பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் தெரியும். ஜி.பி.ஏ., அதாவது நாலுக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண், 3.5 இருந்தால் விண்ணப்பிக்கலாம். அவள் வகுப்பில் அது இல்லாதவர்களைத்தான் தேட வேண்டும். ராத்திரி சாப்பாட்டு மேசையில் தாளைத் தாளாகக் கிழித்துப்போட்டு ஒரே ஜியோமெட்ரி கணக்கோடு மல்லுக்கட்டுகிறாளே, அது தெரிய வர அந்த விண்ணப்பத்தில் இடமே இல்லை. தன்னைப் பற்றி எழுதும் ஒரு தாள், ஒரு கட்டுரை, அவ்வளவுதான். பக்கத்துப் பள்ளியில் படித்திருந்தால் இவளுக்கு இடம் நிச்சயம் என்று எல்லோரும் சொல்லும்போது எனக்கு வயிறு எரிகிறது.

நீலாம்பரி:
அக்கா, உங்கள் மகளின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஆனால் அந்தப் பக்கத்துப் பள்ளியையும் பாருங்கள். பழைய முறையில் கார்சன், லாங்ஃபெலோ போன்ற ஒரு சில பள்ளிகளே பெரும்பாலான இடங்களை எடுத்துக்கொண்டன. 2020-ல் தேர்வான கறுப்பின மாணவர் எண்ணிக்கை வெளியிடவே முடியாத அளவுக்குச் சிறியது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் ஒரு சதவீதம்கூட இல்லை. மாற்றத்துக்குப் பிறகு, 2021-ல், 25 சதவீதம்.

நம் ஆட்கள் சொல்லாமல் விடும் எண் ஒன்று உண்டு. வசதி குறைந்த ஆசியக் குடும்பங்களிலிருந்து 2020-ல் இடம் கிடைத்தது ஒரே ஒரு பிள்ளைக்கு. 2021-ல் 51 பேருக்கு. அவர்களும் ஆசியர்தானே? விண்ணப்பித்தவர்களில் ஆசியர் பாதிக்குச் சற்றுக் குறைவு, இடம் பெற்றவர்களில் 54 சதவீதம். இதை எப்படி ஒதுக்குதல் என்பது?

ஆஷ்பர்ன் தமிழன்:
ஊரில் இதே 2020-ல்தானே அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீதம் கொடுத்தார்கள்? அதற்குக் கைதட்டியவர்கள் இங்கே வந்ததும் 'மெரிட் போச்சு' என்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
கைதட்டியவன் நான். அதனால்தான் கேட்கிறேன். அந்த 7.5-க்குள் வரும் பிள்ளையும் நீட் எழுதித் தேறி, அந்த மதிப்பெண் வரிசையில்தான் இடம் பெறுகிறது. நீட் வேண்டுமா என்பது வேறு சண்டை. ஆனால் அளவுகோல் ஒன்றை வைத்துக்கொண்டு, அதற்குள்ளேயே வசதி இல்லாதவர்களுக்கு இடம் ஒதுக்கினார்கள். இங்கே அளவுகோலையே எடுத்துவிட்டார்கள். ஏழைப் பிள்ளைக்கு 25 சதவீதம் கொடுங்கள், எனக்கு மகிழ்ச்சி. அந்த 25-க்குள் யார் கணக்கில் துடியானவர் என்று எதைக் கொண்டு கண்டுபிடிக்கிறீர்கள்? கட்டுரையை வைத்தா?

நீதிமன்றத்தைக் காட்டாதீர்கள். புதிய முறையை எதிர்த்துப் பெற்றோர் போட்ட வழக்கில் 2022-ல் கீழ் நீதிமன்றம் வாரியத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2023-ல் மேல்முறையீட்டில் இரண்டுக்கு ஒன்று என்று வாரியத்தின் பக்கம் மாறியது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவில்லை, அதிலும் இரண்டு நீதிபதிகள் மறுப்புத் தெரிவித்தார்கள். சட்டப்படி சரி என்பதும் பள்ளிக்கு நல்லது என்பதும் ஒன்றல்ல.

நீலாம்பரி:
எல்லாப் பள்ளியிலும், வகுப்பு நேரத்திலேயே, காசில்லாமல், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் எழுதும் தேர்வென்றால் நானும் உங்கள் பக்கம். நீங்கள் திரும்பக் கேட்பது அதுவல்லவே. பழைய தேர்வுக்கு 100 டாலர் விண்ணப்பக் கட்டணம், அதற்கு முன்னால் கோச்சிங்குக்கு ஆயிரக்கணக்கில் செலவு.

இன்னொன்று. எட்டாம் வகுப்புக்குள் அல்ஜீப்ரா எடுத்திருக்க வேண்டும் என்ற விதி இன்றும் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் எந்தக் கணக்குப் பிரிவில் உட்கார வைக்கிறார்கள் என்பதிலேயே பாதி சேர்க்கை முடிந்துவிடுகிறது. எங்கள் பக்கத்தில் பல பெற்றோருக்கு அப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாது.

எட்டாம்வகுப்பு அம்மா:
அது உண்மை. இவளை அந்தப் பிரிவுக்கு மாற்றச் சொல்லி நான்தான் போய்க் கேட்டேன், அவர்களாகக் கூப்பிடவில்லை. வகுப்பு நேரத்தில் எல்லோருக்கும் தேர்வு என்று வாரியக் கூட்டத்தில் யாராவது பேசினால், அவர் பின்னால் நிற்க நான் வருகிறேன். 1.5 சதவீதத்தை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.