சுங்கை சிப்புட்டில் இருந்து கோட்டயம் வரை: ஒரே சாய்வில் விழும் வெட்டு

பெரட்டுக்களம்:
நம்ம ஊர், மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட், ஆசியாவோட எதைப் பகிர்ந்துக்குதுன்னு கேட்டா, கோயில், தைப்பூசம், ரொட்டி சானாய்னு பேச்சு போயிடுது. அதெல்லாம் பினாங்கிலும் இருக்கு, சிங்கப்பூரிலும் இருக்கு. தோட்டத்து ஊருக்குன்னு தனியா ஒண்ணு உண்டு, பால்மரம், அதாவது ரப்பர் மரம். தாய்லாந்தோட ஹாட்யாய், சுமத்திரா, கோட்டயம், கன்னியாகுமரி, களுத்துறை, எங்கே போய் நின்னாலும் மரத்துல பால் எடுக்கற அதே சாய்வு வெட்டு, பால் பிடிக்கற அதே மங்கு. வெளியூர்த் தோட்டம் பார்த்தவங்க, வெளியூர்க்காரங்களுக்கு நம்ம தோட்டத்தைக் காட்டினவங்க, எது ஒத்துப்போச்சு, எது மாறுச்சுன்னு எழுதுங்க. சொந்தக் கதை வேண்டாம். அளவும் முறையும் போதும்.

பழைய கிராணி:
முதலில் ஒரு திருத்தம். ஆசியாவின் மரம் என்று நாம் சொல்வது ஆசியாவின் மரமே அல்ல. 1876இல் விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலில் இருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பது, பேராக்கின் பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோவின் கோலகங்சார் தோட்டத்தில் நடப்பட்டன. அதில் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. நம் ஊரில் இருந்து கார் ஏறினால் அரை மணி நேரம்கூட ஆகாது.

செம்பனையும் (எண்ணெய்ப்பனை) அப்படித்தான். மேற்கு ஆப்பிரிக்க மரம், 1848இல் நான்கே கன்றுகளாக ஜாவாவின் போகோர் தோட்டத்துக்கு வந்தது. மலாயாவில் வியாபாரத்துக்காக நட்டது 1917இல், சிலாங்கூர் தென்னமாரம் தோட்டத்தில். ஆக மரம் இரண்டும் இரவல். ஆசியா சொந்தமாகச் சேர்த்தது வெட்டும் முறையையும், ஒரே மரத்தில் இருந்து ஒட்டுக்கட்டிப் பெருக்கிய குளோன் ரகங்களையும்தான்.

அந்தக் குளோன்களின் வம்சாவளியைப் பாருங்கள். நம் பக்கம் பேர்போன, மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் ஆர்ஆர்ஐஎம் 600க்குத் தாய் ட்ஜிர் 1, தந்தை பிபி 86. கேரளத்தில் எங்கும் நிற்கும், இந்திய ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் ஆர்ஆர்ஐஐ 105க்குத் தாய் அதே ட்ஜிர் 1, தந்தை ஜிஎல் 1. ட்ஜிர் ஜாவாவின் தோட்டம். ஜிஎல் என்பது மலாயாவின் கிளென்ஷீல். பிபி என்பது பிராங் பெசார், இன்றைய புத்ராஜெயா எழுந்த அதே நிலம். கோட்டயத்து மரமும் நம் மரமும் ஒருதாய் மக்கள். தாய்லாந்தின் தெற்கே பெரும்பாலும் நிற்பது நம் 600தான்.

உளிமுனை:
கிராணி ஐயா மரத்தைச் சொல்லிட்டாரு, நான் வெட்டைச் சொல்றேன்.

தரையில இருந்து ஒன்றரை மீட்டர் உயரத்துல சுற்றளவு 50 செ.மீ. இருக்கணும். நூறு மரத்துல எழுபது அந்த அளவைத் தொட்டாத்தான் நிரையை, அதாவது மரவரிசையை, வெட்டுக்குத் திறக்கணும். இந்தியாவுல அளக்கிற உயரம் கொஞ்சம் கீழே, 125 செ.மீ. பணத்தேவைக்கு 40 செ.மீ. மரத்துல உளி வைக்கிறவங்க எல்லா நாட்டுலயும் இருக்காங்க. அந்த மரம் அதுக்கப்புறம் பருக்காது, காத்துக்கு முறியும்.

வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழணும், ஒட்டுமரத்துக்கு 30 டிகிரி. ஏன் இடமிருந்து வலமாங்கிறதைப் பலர் கேக்கறதே இல்லை. பட்டைக்குள்ள பால்குழாய் நேரா மேலே ஏறாது, கீழ் இடத்துல இருந்து மேல் வலத்துக்குச் சில டிகிரி சாஞ்சு ஏறும். எதிர்ச்சாய்வுல வெட்டினாத்தான் நிறைய குழாய் அறுபடும். திருப்பி வெட்டிப் பாருங்க, அதே நீளத்துக்குப் பால் குறையும். சாய்வு 30க்குக் கீழே போனா பால் கோட்டுல ஓடாம பட்டையில வழியும். ரொம்பச் செங்குத்தா போனா பட்டை வீணாகும்.

ஆழம்தான் கைவேலை. உள்மரத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னாடி நிக்கணும். அதிகப் பால்குழாய் அந்த உள்பட்டையிலதான் இருக்கு. அதைத் தாண்டி உளி மரத்தைத் தொட்டா அங்கே புண்ணு, அடுத்த பட்டை முடிச்சு முடிச்சா வளரும், மறுசுற்றுல அந்த இடத்துல உளி ஓடாது. ஒரு வெட்டுக்குச் சீவறது ஒன்றரை மில்லிமீட்டர். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினா வருசத்துக்கு ஒரு சாண் பட்டை போகும். சீவின தோல் காகிதம் மாதிரி சுருண்டு விழணும், துண்டு துண்டா விழுந்தா உளியைத் தீட்டணும்னு அர்த்தம்.

உளியில மட்டும் நாடு தெரியும். நம்ம பக்கமும் தாய்லாந்திலும் ஜெபோங் உளி, தன் பக்கம் இழுத்து வெட்டறது. இலங்கை, கேரளக்காரங்க கையில பெரும்பாலும் மிச்சி கோலெட்ஜ். ஒண்ணைப் பழகின கைக்கு இன்னொண்ணு கொடுத்தா முதல்ல ஆழம் தப்பும், அப்புறம்தான் சாய்வு.

மங்கு கவிழ்த்தவள்:
உளிமுனை அண்ணே, நேரத்தை விட்டுட்டீங்க. தாய்லாந்துல நடுராத்திரிக்கு மேல நெத்தியில விளக்கைக் கட்டிக்கிட்டு வெட்டறாங்க. நம்ம ஆளுங்க விடியற்காலை. காரணம் ஒண்ணுதான்: இலை ஆவி விடாத நேரத்துல குழாய்க்குள்ள அழுத்தம் உச்சத்துல இருக்கும். வெயில் ஏற ஏற அழுத்தம் இறங்கும், பால் சீக்கிரம் நின்னுடும். பத்து மணிக்கு வெட்டிட்டு "மரம் சரியில்லை"ன்னு சொல்றதுல நியாயம் இல்லை லா.

மழை இன்னொரு வித்தியாசம். கேரளத்துல ஜூன் மழைக்கு முன்னாடியே வெட்டுக்கு மேல பிளாஸ்டிக் பாவாடை கட்டிடறாங்க. அதன் மேல்விளிம்பைத் தார்ப்பசை வச்சு ஒட்டணும். ஒட்டுற இடத்துல பொருக்குப் பட்டையைச் சுரண்டாம ஒட்டினா, ஒரு மாசத்துல பசைக்குப் பின்னாடி தண்ணி இறங்கும், நேரா வெட்டுக்குத்தான் வரும். கட்டாத மரத்தை விட அது மோசம், ஏன்னா ஈரம் உள்ளேயே நிக்கும், வெட்டு கருப்பா அழுகும். நம்ம பக்கம் மழை வருசம் முழுக்கப் பிரிஞ்சு பெய்யறதால பல சிறுதோட்டக்காரங்க இதைக் கட்டறதே இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தா கட்டறது லாபம்னுதான் எனக்குத் தோணுது.

ரோலர்:
ஷீட் பற்றி, அதாவது பாலை உறையவைத்து அழுத்திக் காயவைக்கும் ரப்பர் தகடு பற்றி, யாரும் எழுதவில்லை. கேரளச் சிறுதோட்டங்களில் வீட்டுக்கு வீடு இன்னும் நடக்கும் வேலை இது, நம் பக்கம் ஏறக்குறைய நின்றுபோனது. முறை எங்கும் ஒன்றே.

மங்கில் இருந்து வரும் பாலில் ரப்பர் 30 முதல் 40 சதவீதம், மீதி பெரும்பாலும் தண்ணீர். அதை 12.5 சதவீதத்துக்கு இறக்க வேண்டும். 35 சதவீதப் பால் என்றால் 1.4 லிட்டர் பாலுக்கு 2.6 லிட்டர் தண்ணீர். இந்த 4 லிட்டர் ஒரு தட்டுக்கு, கிடைப்பது அரைக் கிலோ ஷீட். முதலில் பாலை வடிகட்டுங்கள், பிறகு தண்ணீர் கலந்து மறுபடி வடிகட்டுங்கள். ஃபார்மிக் ஆசிட் 2 மி.லி., 200 மி.லி. தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கிளற வேண்டும். தண்ணீரில் ஆசிட்டை ஊற்றுங்கள், ஆசிட்டில் தண்ணீரை அல்ல. கிளறியதும் மேலே வரும் நுரையை அட்டையால் வழித்து எடுத்துவிடுங்கள். வழிக்காத நுரை ஒவ்வொன்றும் காய்ந்த ஷீட்டில் ஒரு குமிழியாக நிற்கும், தரம் பிரிப்பவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

விலை மலிவு என்று சல்ஃபியூரிக் ஊற்றுபவர்கள் ஹாட்யாயிலும் உண்டு, நாகர்கோவிலிலும் உண்டு. சரியாகக் கழுவாவிட்டால் ரோலரை அரிக்கும், ரப்பரின் உறுதியும் குறையும். எனக்கு அது திருட்டு வேலையாகத்தான் படுகிறது.

மறுநாள் ரோலரில் 3 மி.மீ. கனத்துக்கு இறக்கி, கடைசியில் வரி ரோலர். வரி அழகுக்கு அல்ல, பரப்பு கூடினால் சீக்கிரம் காயும், ஒன்றோடொன்று ஒட்டாது. தண்ணீர் வடியவிட்டுப் புகைக்கூடத்தில் நான்கு ஐந்து நாள். முதல் நாள் 40 டிகிரி, மெல்ல ஏற்றி 60ஐத் தாண்டாமல் நிறுத்துங்கள். முதல் நாளே தீயை ஏற்றினால் மேல்பக்கம் மூடிக்கொள்ளும், உள்ளே சிக்கிய நீர் கொப்புளமாகும். காய்ந்ததா என்று பார்க்க வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். தேன் நிறத்தில் வெளிச்சம் ஊடுருவினால் சரி. பால் வெள்ளையாக ஒரு திட்டுத் தெரிந்தாலும் இன்னும் ஈரம், அடுக்கி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

நிரை 7:
ரோலர் ஐயா சொல்றது சரி, ஆனா நம்ம ஊர்ல இப்ப யாருக்கு ஆள் இருக்கு? கட்டிப்பால்தான். மங்கிலேயே உறையவிட்டு ரெண்டு மூணு வெட்டுக்கு ஒருதரம் பொறுக்கறது. தாய்லாந்தோட வடகிழக்கிலும் இதேதான். பிரச்சினை எடையில. நேத்துப் பொறுக்கின கட்டி பாதித் தண்ணி. வாங்கறவர் ரப்பர் சதவீதத்தைக் குறைச்சுப் போடுவார், விக்கறவர் நனைச்சுக் கொண்டுவருவார், ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் ஏமாத்தறதாச் சொல்லிக்குவாங்க. கட்டியை வலை மேடையில நிழல்ல ஒரு வாரம் வடியவிட்டுக் கொண்டுபோனா பேரம் பேச எடை மாறாத கட்டி கையில இருக்கும். பட்டைத்துண்டு, கோட்டுப்பால் (வெட்டுக்கோட்டுல உறைஞ்சு நிக்கற பால்), மண்ணு கலக்காதீங்க. சாக்கு நூலும் வேண்டாம், ஆலையில அதைப் பிரிக்கவே முடியாது.

ஆள் பற்றாக்குறைக்கு இன்னொரு வழி, மூணு நாளுக்கு ஒரு வெட்டு, கூட, பாலைக் கூட்டற மருந்து, 2.5 சதவீத எத்திஃபான். கோட்டுப்பாலை உரிச்சிட்டு வெட்டுக்கோட்டுல தூரிகையால மெல்லிசா ஒரு பூச்சு. வருசத்துக்குச் சில தடவைதான். பால் கூடுதேன்னு மாசம் ரெண்டு தடவை பூசினா, முதல்ல பால் தண்ணியா நெடுநேரம் சொட்டும், அடுத்து கோட்டுல ஒரு துண்டு வெள்ளை வராமக் காஞ்சு நிக்கும். அந்தத் துண்டைப் பார்த்த அன்னைக்கே வெட்டை நிறுத்தி மரத்துக்குச் சில மாசம் ஓய்வு விடுங்க. இன்னும் ஆழமா வெட்டினா வரும்னு உளியை அழுத்தறதுதான் மரத்தைக் கொல்லுது.

பழைய கிராணி:
வம்சம் ஒன்று என்று முதலில் எழுதினேன். அதன் மறுபக்கம் நோய்.

2016இல் வடசுமத்திராவில் புது இலையுதிர்வு கண்டார்கள், அடுத்த ஆண்டு நம் நாட்டில், 2019இல் தாய்லாந்திலும் இலங்கையிலும். பெஸ்டலோடியாப்சிஸ் என்ற பூஞ்சையோடு சேர்த்துச் சொல்கிறார்கள். எல்லா ஊரிலும் ஒரே அடையாளம்: முதிர்ந்த இலையில் ஓரிரு செ.மீ. அகலத்தில் வட்டப் பழுப்புப் புள்ளி, சுற்றிலும் மஞ்சள், பிறகு பருவம் தப்பிய உதிர்வு. பிப்ரவரி, மார்ச்சில் இலை கொட்டுவது வழக்கம்தான். அதற்குப் பிறகும் தரையில் முதிர்ந்த இலைகளைப் பார்த்தால் ஒன்றை எடுத்துப் புள்ளியைப் பாருங்கள். தளிர் இலை, மேலே வெள்ளை மாவு, காம்பு மட்டும் மரத்தில் நிற்கிறது என்றால் அது வேறு, சாம்பல் நோய். அதற்கு விடியற்பனி ஈரத்தில் கந்தகத்தூள்.

கேரளத்தில் மழைக்கால உதிர்வுக்குப் போர்டோக் கலவை அடிப்பார்கள். அதில் செம்பு இருக்கிறது, செம்பு ரப்பரைக் கெடுக்கும். அடிக்கிற நாளில் மங்குகளைக் கவிழ்த்து வைக்க வேண்டும். புது நோய்க்கு ஹெக்சகோனசோல் போன்ற பூஞ்சைக்கொல்லி மருந்துகளை அடிக்கிறார்கள். இருபது மீட்டர் மரத்தின் உச்சிக்கு முதுகு ஸ்பிரேயர் எட்டாது, கீழிலையை நனைத்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்பதில் பொருளில்லை. நாற்றுப்பண்ணைக்கும் இளமரத்துக்கும் அடியுங்கள். பெரிய மரத்துக்கு உரத்தைத் தவறாமல் கொடுத்து, பாதிக்குமேல் உதிர்ந்திருந்தால் வெட்டை நிறுத்துங்கள்.

ஆசியா இன்னும் பார்க்காத நோய் ஒன்று உண்டு, தென்னமெரிக்க இலைக்கருகல். அமேசானில் கார் கம்பெனிக்காரர் ஃபோர்ட் 1928இல் தொடங்கிய தோட்டம் 1945இல் கைவிடப்பட்டதற்கு அது பெரிய காரணம். 1956இல் ஆசிய பசிபிக் நாடுகள் செய்த பயிர்ப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் இதற்கென்றே தனி விதி இருந்தது. பிரேசில் பக்கம் போய்வருகிறவர்கள் இலை, விதை, மண் எதையும் கொண்டுவராதீர்கள். போட்டுப்போன சப்பாத்தையும் துணிகளையும் அங்கேயே துவைத்துக் காயவைத்துப் பெட்டியில் வையுங்கள், தோட்டத்துக்குள் அந்தச் சப்பாத்தோடு கால் வைக்காதீர்கள்.

மங்கு கவிழ்த்தவள்:
ஐயா, செல்போன் உறையையும் சேருங்க. நிரைக்குள்ள எல்லார் கையிலயும் இருக்கறது அதுதான்.